ஆதொண்டைப் புதரைக் காப்பாற்றுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய மணல்மேட்டில் சென்ற மாதம் சீமைக்கருவேலத்தை அகற்றியபோது, அதனோடு பின்னிக் கிடந்த ஆதொண்டை என்னும் நாட்டு முட்புதர் ஒன்றையும் வேரோடு பறித்துவிட்டார்கள். பொக்லைன் ஓட்டியவரிடம் கேட்டேன். "எல்லாம் முள்ளுதானே, ஐயா" என்றார். அவர்மீது குறையில்லை, எதை வெட்டலாம், எதை விடவேண்டும் என்று அவருக்கு யாரும் காட்டியிருக்கவில்லை.

வேறுபாடு கையெட்டும் தூரத்திலேயே தெரியும். சீமைக்கருவேலத்தின் இலை புளியிலையைப் போலச் சிறு சிறு கூறுகளாகப் பிரிந்திருக்கும். முள் நேராக நீளும். ஆதொண்டைக்குப் பிளவுபடாத தனி இலை. அதன் காம்படியில் இரண்டு குட்டை முட்கள், பூனை நகம்போல் வளைந்திருக்கும். சட்டைக் கையில் மாட்டினால் இழுக்க இழுக்க இறுகுமே தவிர விடாது. இசங்கு என்னும் முட்செடியோடும் இதைக் குழப்புகிறார்கள். இசங்கின் முட்களோ வளையாமல் ஊசிபோல் நிற்பவை.

பூக்கும் காலத்தில் ஐயத்துக்கே இடமில்லை. இலை கிளையோடு சேரும் இடத்துக்கு மேலே கிளையை ஒட்டி ஒரே வரிசையில் மொட்டுகள் விடும். நான்கு வெள்ளை இதழ்களையும் தாண்டி மகரந்த இழைகள் நீண்டு நிற்கும். புதிதாய் விரிந்த பூவின் இதழடியில் மஞ்சளாக இருக்கும் கறை, பூ முதிர முதிரக் கருஞ்சிவப்பாக மாறுவதால், ஒரே கிளையில் இரு நிறங்களையும் பார்க்கலாம். காய் சுமார் 3 முதல் 4 செ.மீ. அளவில் உருண்டிருந்து, பழுத்ததும் சிவக்கும். இதன் நெருங்கிய உறவான காத்தொட்டிக்குப் பூக்கள் சிறியவை, கிளை நுனியில் கொத்தாகப் பூப்பவை. பழமும் பட்டாணியைவிடச் சற்றே பெரிதாய்க் கறுத்திருக்கும். தொரட்டி என்ற பெயரை ஊருக்கு ஊர் வெவ்வேறு செடிக்குச் சொல்வதால், பெயரை மட்டும் கேட்டு முடிவு செய்யக் கூடாது.

ஆதொண்டையின் காயான ஆதண்டங்காயில் போடும் வற்றலை அறிந்த வீடுகள் இன்றும் இங்கே உண்டு. இறக்கை நுனி ஆரஞ்சு நிறமான வெள்ளை வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் இந்தக் குடும்பத்துச் செடிகளின் இலையைத் தின்றே வளர்கின்றன. தொண்டை மண்டலத்தை வென்றதாகச் சொல்லப்படும் ஆதொண்டைச் சக்கரவர்த்தியின் பெயரும் இதன் பெயரும் ஒன்றே.

சீமைக்கருவேலத்தை அகற்றத்தான் வேண்டும். அதை நான் எதிர்க்கவில்லை. இயந்திரம் இறங்குவதற்கு முந்தைய நாள், செடியறிந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவரை அழைத்துச் சென்று, விடவேண்டிய புதர்களில் சிவப்புத் துணி கட்டச் செய்தால் போதும். அதே மேட்டின் வடபுறத்தில் இன்னும் இரண்டு ஆதொண்டைகள் நிற்கின்றன. அடுத்த கட்டப் பணி அங்கே தொடங்குமுன் அதிகாரிகள் இதைச் செய்ய வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கத்திவாக்கம், சென்னை.