3 இன்ச் ஃபுல் ரேஞ்ச் ஸ்பீக்கருக்கு எந்தப் பெட்டி? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

நம் கடையில் 3 இன்ச் ஃபுல் ரேஞ்ச் ஸ்பீக்கர் (பேஸ் முதல் கீச்சு வரை ஒரே ஸ்பீக்கரில் வருவது) வாங்குகிறவர்கள் பணம் கொடுத்த கையோடு கேட்பது, "இதுக்கு என்ன சைஸ் பாக்ஸ் போடறது?" கவுன்டரில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. நல்ல ஸ்பீக்கர் ஒன்று பொருந்தாத பெட்டிக்குள் உட்கார்ந்து கொரகொரவென்று கத்துவதைக் கேட்க எங்களுக்கு மனசு வரவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

ஏதாவது ஒரு பிளானை இறக்கிக்கொண்டு, இதுவும் 3 இன்ச் அதுவும் 3 இன்ச் என்று வேறொரு ஸ்பீக்கரை அதில் மாட்டிவிடாதீர்கள். வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்றுக்கு 2 லிட்டர் போதும், இன்னொன்று 6 லிட்டர் கேட்கும். அதைத் தீர்மானிப்பது டேட்டாஷீட்டில் இருக்கும் மூன்று எண்கள். எஃப்எஸ் என்பது பெட்டி இல்லாமல் வெறுமனே வைத்தால் கோன் (ஒலி எழுப்ப முன்னும் பின்னும் அசையும் கூம்பு) எந்த அதிர்வெண்ணில் தானாகவே அதிகம் ஆடும் என்பது. அந்த ஆட்டத்தைக் காந்தமும் சஸ்பென்ஷனும் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கின்றன என்பதைச் சொல்வது க்யூடிஎஸ், எண் குறையக் குறைய பிடி அதிகம். விஏஎஸ் லிட்டரில் இருக்கும்; கோனைத் தாங்கும் சஸ்பென்ஷனுக்கு எவ்வளவு விறைப்பு உண்டோ அதே விறைப்பு எத்தனை லிட்டர் காற்றுக்கு இருக்கும் என்ற கணக்கு. இந்த எண்களை வைத்துப் பெட்டியை முன்கூட்டியே கணக்கிடும் முறையை ஒழுங்குபடுத்தியவர்கள் ஆஸ்திரேலியாவில் ஆய்வு செய்த நெவில் தீல், ரிச்சர்ட் ஸ்மால் என்ற இருவர், 1960களிலும் 70களிலும். இன்று எல்லாக் கால்குலேட்டரும் அவர்கள் போட்ட பாதையில்தான் ஓடுகிறது.

ஒரு உதாரணம் பார்ப்போம். எஃப்எஸ் 100 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.6, விஏஎஸ் 1.5 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், சின்ன ஸ்பீக்கர்களில் இப்படிப்பட்ட எண்கள் சாதாரணம். முழுக்க மூடிய சீல்ட் பெட்டியில் மொத்த க்யூ (பெட்டியோடு சேர்த்துப் பார்த்த க்யூடிஎஸ்) 0.7 பக்கம் வந்தால் பேஸ் மேடு தட்டாமல் சமமாக இறங்கும். கணக்கு சுலபம்: விஏஎஸ்ஸைப் பெட்டியின் லிட்டரால் வகுத்து, 1 கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, க்யூடிஎஸ்ஸால் பெருக்குங்கள். 3.9 லிட்டரில் 0.7 வருகிறது, பெட்டிக்குள் ஸ்பீக்கரின் அதிர்வெண் 118 ஹெர்ட்ஸுக்கு ஏறுகிறது. 2 லிட்டராகக் குறைத்தால் க்யூ 0.8, அதிர்வெண் 132. இதுவும் நன்றாகவே கேட்கும். 1 லிட்டருக்கு அடக்கினால் 0.95, 158 ஹெர்ட்ஸ். ஆண் குரல் கொஞ்சம் பெட்டிக்குள்ளிருந்து பேசுவது போல ஆகிவிடும். ஆக 4 லிட்டரிலிருந்து 2 லிட்டருக்கு வருவதால் இழப்பு அவ்வளவு பெரிதில்லை, 2க்குக் கீழே போகும்போதுதான் காது கவனிக்கும்.

மேஜைமேல், சுவரை ஒட்டி வைக்கப்போகிறீர்கள் என்றால் எங்கள் பரிந்துரை சீல்ட் பெட்டிதான், தயக்கமில்லாமல் சொல்கிறோம். ஒரே சத்தத்துக்கு அதிர்வெண் பாதியானால் கோன் நான்கு மடங்கு தூரம் நகர வேண்டும். 3 இன்ச் கோனுக்கு நகர இருக்கும் இடமோ இரண்டு மூன்று மில்லிமீட்டர். மூடிய பெட்டியில் உள்ளே இருக்கும் காற்றே ஸ்பிரிங் மாதிரி கோனைப் பிடித்துக்கொள்ளும், 1954-இல் அமெரிக்காவில் எட்கர் வில்சர் ஏஆர்-1 ஸ்பீக்கரைச் சின்னப் பெட்டியில் அடக்கியது இந்த உண்மையை நம்பித்தான். பேஸ் இறங்குவதும் ஒரு ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு தடவைக்கும்) 12 டெசிபல் என்று மெதுவாக இறங்கும், சுவரும் மேஜையும் அதில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். அளவில் ஒரு செ.மீ. முன்னே பின்னே ஆனாலும் பெட்டி கோபித்துக்கொள்ளாது, முதல் தடவை செய்கிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

போர்ட், அதாவது காற்று போய்வரும் குழாய், வைத்த பெட்டி கெட்டது என்று சொல்லவில்லை. க்யூடிஎஸ் 0.4 பக்கம் இருந்தால் அதுதான் நல்லது. எஃப்எஸ் 80, க்யூடிஎஸ் 0.4, விஏஎஸ் 4 லிட்டர் உள்ள ஸ்பீக்கரை 4 லிட்டர் பெட்டியில் போட்டு 80 ஹெர்ட்ஸுக்கு டியூன் செய்தால் அந்த 80 வரைக்கும் நிஜமாகவே பேஸ் வரும். ஆனால் அதற்குக் கீழே 24 டெசிபல் சரிவு, கோனைப் பிடிக்கக் காற்றும் இல்லை; படத்தில் வெடிச்சத்தம் வரும்போது கோன் துள்ளி அடிப்பது அதனால்தான். க்யூடிஎஸ் 0.6, 0.7 இருக்கும் ஸ்பீக்கருக்குப் போர்ட் வைத்தால் ஒரே சுரத்தில் "தும் தும்" என்று முழங்கும், அதை எத்தனையோ பேர் நல்ல பேஸ் என்று நினைத்துவிடுகிறார்கள்.

போர்ட் குழாயிலும் ஒரு சிக்கல் உண்டு. மேலே சொன்ன 4 லிட்டர், 80 ஹெர்ட்ஸுக்கு உள்விட்டம் 2.5 செ.மீ. குழாய் என்றால் நீளம் சுமார் 4 செ.மீ., பிவிசி குழாயை வெட்டிச் செருகிவிடலாம். காற்று இரையாமல் இருக்கட்டும் என்று 5 செ.மீ. குழாய் எடுத்தால் நீளம் 19 செ.மீ. ஆகிவிடும், இந்தப் பெட்டிக்குள் அது எங்கே போகும்? சின்னப் பெட்டியில் இந்த இழுபறி எப்போதும் இருக்கும், அதனால் குழாயின் இரண்டு வாயையும் உப்புத்தாளால் உருட்டி வழித்துவிட்டு, சத்தத்தை அளவோடு வையுங்கள்.

கோனின் பின்பக்க ஒலியை நீண்ட பாதை வழியே வெளியே விடும் மடித்த குழல், பேக் லோடட் ஹார்ன் பற்றியும் கேட்கிறீர்கள். கால் அலை நீளக் கணக்கில் 80 ஹெர்ட்ஸுக்கே ஒரு மீட்டருக்கு மேல் பாதை வேண்டும், அதை மடித்து உள்ளே வைத்தாலும் பெட்டி தரையில் நிற்கும் உயரத்துக்கு வந்துவிடும். அழகான வேலைதான், ஆனால் கச்சிதமான பெட்டி தேடுகிறவருக்கு அது விடை இல்லை.

சரி, அளவு. 3.9 லிட்டருக்கு உள்ளளவு 13 × 15 × 20 செ.மீ. வையுங்கள், மூன்று பக்கமும் சமமான கனசதுரம் வேண்டாம், ஒரே எதிரொலி மூன்று திசையிலும் சேர்ந்துவிடும். 12 மி.மீ. பிளைவுட் போதும். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வெட்டச் சுலபம், விலையும் குறைவு, ஆனால் கடலோர ஊர்களின் மழைக்கால ஈரத்துக்கு அதன் ஓரங்கள் ஊதிவிடும், நான்கு பக்கமும் சீலர் அடிக்க முடிந்தால் மட்டும் எடுங்கள்.

ஸ்பீக்கர் உட்காரும் ஓட்டையின் உள்பக்க விளிம்பை 45 டிகிரிக்குச் சாய்த்துச் சீவச் சொல்லுங்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். சின்ன ஸ்பீக்கர் தடிமனான பலகையில் உட்காரும்போது கோனின் முதுகு ஒரு குட்டைக் குழாய்க்குள் மாட்டிக்கொள்கிறது, குரல் மூக்கடைத்த மாதிரி ஆவதற்குப் பல நேரம் அதுவே காரணம். ஆசாரி "எதுக்கு சார் இதெல்லாம்" என்பார், விடாதீர்கள்.

பெட்டியைச் சுவரிலிருந்து தள்ளி ஸ்டாண்டில் வைக்கப்போகிறவர்களுக்கு இன்னொன்று. முகப்பு அகலம் 15 செ.மீ. என்றால் ஏறக்குறைய 750 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி பெட்டியைச் சுற்றிப் பின்னால் போய்விடுகிறது, முன்னால் கேட்பவருக்குக் குரல் மெலிந்து கீச்சென்று இருக்கும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 1 மில்லிஹென்ரி காயிலையும் 4.7 ஓம், 10 வாட் ரெசிஸ்டரையும் இணையாகச் சேர்த்து, அந்த ஜோடியை ஸ்பீக்கருக்குத் தொடராக மாட்டினால் மேல்பகுதி 4 டெசிபல் வரை அடங்கி இரண்டும் சமமாகும். மேஜையில் சுவரோரம் வைப்பவர்கள் முதலில் இது இல்லாமல் கேளுங்கள், பெரும்பாலும் தேவைப்படாது.

பஞ்சு விஷயம்: சீல்ட் பெட்டிக்குத் தலையணையில் அடைக்கும் பாலியஸ்டர் பஞ்சைப் பிரித்துவிட்டு லேசாக நிரப்புங்கள். போர்ட் பெட்டிக்குச் சுவர்களில் மட்டும் ஒட்டுங்கள், குழாய் வாய்க்கு அருகில் வேண்டாம்.

பின்பலகையை மட்டும் ஃபெவிகால் போட்டு ஒட்டிவிடாதீர்கள். ஃபோம் டேப் ஒட்டித் திருகு போட்டு மூடுங்கள், பஞ்சைக் கூட்டிக் குறைத்து ஒரு வாரம் நீங்கள் வழக்கமாகக் கேட்கும் பாட்டுகளைப் போட்டுப் பாருங்கள். அப்புறம், கடைக்கு வரும்போது ஸ்பீக்கரின் மாடல் எண், ஆம்ப்ளிஃபயர் எத்தனை வாட், பெட்டி எங்கே உட்காரப்போகிறது என்ற மூன்றையும் எழுதி எடுத்து வாருங்கள். லிட்டரும் போர்ட் நீளமும் பலகை வெட்டும் அளவும் கணக்குப் போட்டுத் தாளில் எழுதித் தருகிறோம், அதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை.