விஜிக்கு, கனடா பிஸ்கட் பற்றி

மயிலாப்பூர்,
சென்னை.

அன்புள்ள விஜி,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டானா! இனி உன் சமையலறைக் கீழ்த்தட்டில் ஒரு பாத்திரமும் இருந்த இடத்தில் இருக்காது. முட்டிவலிக்கு எண்ணெய் தேய்ப்பதோடு விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டு. இங்கே எல்லோரும் சௌக்கியம். மெட்ரோ வேலை நடப்பதால் லஸ் முனையைத் தாண்டுவதுதான் பெரும்பாடு. இவர் ரிட்டையர் ஆனதிலிருந்து மாலை நாலு மணிக்கு டீயோடு எதையாவது கடித்தாக வேண்டும் என்கிறார். டாக்டரோ மிக்சர், முறுக்கு பக்கமே போகாதே என்று சொல்லியிருக்கிறார்.

அதனால் உன் கேள்வி சரியான சமயத்தில் வந்தது. உன் மகள் கனடாவிலிருந்து கொண்டுவந்த அந்த உலர்ந்த பழமும் முந்திரி, பாதாம் மாதிரிப் பருப்பும் போட்ட மெல்லிய பிஸ்கட்டை வீட்டில் செய்ய முடியுமா, கட்டுப்படியாகுமா என்று கேட்டிருந்தாய். முடியும். அது ரஸ்க்குக்குத் தங்கை மாதிரிதான். முதலில் ரொட்டியாகச் சுட்டு, ஆறவைத்து, மெல்லியதாக நறுக்கி, மறுபடி சுடுவார்கள். வான்கூவரில் லெஸ்லி ஸ்டோ என்பவர் ‘ரெயின்கோஸ்ட் கிரிஸ்ப்ஸ்’ என்று போட்டுப் பிரபலமாக்கியது இந்த வகையைத்தான். நான் செய்கிற முறையில் வெண்ணெய், எண்ணெய், முட்டை எதுவும் கிடையாது. ஆகவே செலவு முழுக்கப் பருப்பிலும் பழத்திலும்தான். அங்கே கையை அடக்கினால் போதும்.

பாதாம், பிஸ்தா, கிரான்பெர்ரி என்று சூப்பர் மார்க்கெட்டில் சின்னச் சின்னப் பாக்கெட்டாக வாங்கினால் கடைப் பெட்டியே மலிவு என்று ஆகிவிடும். நான் பாரிமுனைக்குப் பஸ் பிடித்து கோவிந்தப்ப நாயக்கன் தெருவுக்குப் போய்விடுகிறேன். அங்கே உடைந்த முந்திரி என்று கேள். முழுசாக இல்லை என்பதற்காகத்தான் விலை குறைவு, ருசியில் ஒரு வித்தியாசமும் இல்லை. எப்படியும் கத்தி போட்டு நறுக்கத்தானே போகிறோம்? முந்திரியில் பாதியைக் குறைத்து, வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலையைச் சேர்த்தாலும் நன்றாகவே இருக்கிறது. பூசணி விதைக்குப் பதில் வெள்ளரி விதை. பறங்கிக்காய் விதையைக் காயவைத்து உரித்துப் போடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே, நகம்தான் தேயும். கிரான்பெர்ரியின் புளிப்புக்குப் பச்சை கிஸ்மிஸ் போதும். டுட்டி ஃப்ருட்டி மட்டும் வேண்டாம். பப்பாளிக்காயைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துச் சாயம் ஏற்றியது அது, இதில் போட்டால் பேக்கரி கேக் வாசனைதான் வரும்.

அளவு இதுதான். கோதுமை மாவும் மைதாவும் பாதிப் பாதியாக 1 கப், சமையல் சோடா 1 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், நாட்டுச் சர்க்கரை கால் கப். இதோடு கிஸ்மிஸ் அரை கப், முந்திரியும் கடலையுமாகக் கால் கப், வெள்ளரி விதை கால் கப், எள்ளும் ஆளி விதையும் தலா 2 மேசைக்கரண்டி. அவர்கள் ரோஸ்மேரி போடுவார்கள், நான் ஒரு சிட்டிகை ஓமம் போடுகிறேன். எல்லாவற்றையும் கலந்து, கெட்டியான புளித்த மோர் 1 கப் விட்டுக் கிளறு. மோர் புளித்தே இருக்க வேண்டும். அந்தப் புளிப்பும் சோடாவும் சேர்ந்துதான் ரொட்டியை உப்ப வைக்கின்றன, புளிக்காவிட்டால் சோடா வாடை நாக்கில் நிற்கும். சென்னை வெயிலில் இதற்கா பஞ்சம்!

நெய் தடவிய நீளமான ரொட்டி டின்னில் ஊற்றி, ஓவனில் 180 டிகிரியில் 35, 40 நிமிடம். குச்சி விட்டுப் பார்த்தால் ஒட்டக் கூடாது. ஆறிய பிறகு ஃப்ரீசரில் வைத்துவிடு, ராத்திரி முழுக்க இருந்தால் நல்லது. விறைத்த ரொட்டியைத்தான் பல் வைத்த கத்தியால் 3 மில்லிமீட்டர் கனத்துக்கு அறுக்க முடியும். சூட்டோடு கை வைத்தால் பருப்பு பிய்த்துக்கொண்டு வரும். துண்டுகளைத் தட்டில் பரப்பி 150 டிகிரியில் பக்கத்துக்கு 15 நிமிடம். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் கிஸ்மிஸ் கருகிக் கசக்கும், நடுப்பகுதி மட்டும் மெத்தென்று இருக்கும். ஈரம் போவதுதான் இங்கே வேலை. கரண்ட் ஒன்றரை, இரண்டு யூனிட் ஆகலாம். அதனால் நான் இரண்டு ரொட்டியாகச் சுட்டு ஒன்றை ஃப்ரீசரிலேயே விட்டுவிடுகிறேன், வேண்டும்போது அறுத்துக்கொள்ளலாம்.

உன்னிடம் ஓவன் இல்லையே என்று யோசித்தேன். குக்கரில் கேஸ்கெட்டும் வெயிட்டும் எடுத்துவிட்டு, அடியில் ஒரு ஸ்டாண்டு வைத்து, சிறு தீயில் ரொட்டியைச் சுட்டுவிடலாம். இரண்டாவது சூட்டுக்குத் தோசைக்கல், சிம்மில், திருப்பித் திருப்பி. கொஞ்சம் பொறுமை வேண்டும், மாப்பிள்ளையை உட்கார வை.

நன்றாக ஆறிய பிறகுதான் டப்பாவில் போட வேண்டும். கடற்கரை ஊர்க்காற்றில் இங்கே எதுவும் மொறுமொறுப்பாக நிற்பதில்லை. நமத்துப் போனால் ஐந்து நிமிடம் மறுபடி சூடு காட்டினால் சரியாகிவிடும்.

கூரியரில் அனுப்பலாம் என்றால் தூளாகத்தான் வந்து சேரும். தையில் சுதாவின் பெண் கல்யாணத்துக்கு நீ வரும்போது ஒரு டப்பா எடுத்து வைக்கிறேன். வரும்போது உடன்குடிக் கருப்பட்டி ஒரு கிலோ வாங்கி வா, நாட்டுச் சர்க்கரைக்குப் பதில் அதைத் தட்டிப் போட்டுப் பார்க்க வேண்டும். இங்கே கிடைப்பதில் எது அசல் என்றே தெரியவில்லை.

அன்புடன்,
மீனா