காட்சித் தாள் முதல் நாளே கையில் கிடைக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

2025-இல் ஆர்.எஸ். பிரசன்னா இயக்கிய இந்திப் படம் ஒன்றில் ஆட்டிசம் போன்ற நரம்பியல் வேறுபாடு கொண்ட பத்துப் பேர் முக்கிய வேடங்களில் நடித்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் "நாமும் முயன்று பார்க்கலாமா?" என்று கேட்டால் தாராளமாக முயலலாம் என்பதே அத்தகைய நடிகர்களுக்குப் பயிற்சியளிக்கும் எங்கள் பதில். ஆனால் இந்தக் கேள்விக்குப் பொதுவெளியில் கிடைக்கும் பதில்கள் தன்னம்பிக்கை, சாதனை என்ற சொற்களோடு நின்றுவிடுகின்றன. நாளைக் காலை படப்பிடிப்புக்குக் கிளம்ப வேண்டியவருக்கு அவற்றால் பயன் இல்லை. நடிப்பை விட, நடிப்பைச் சுற்றியுள்ள காத்திருப்பும் கடைசி நிமிட மாற்றங்களும்தான் இவர்களைத் திருப்பி அனுப்புகின்றன. அதில் பெரும்பகுதியை ஓர் உதவி இயக்குநர் முதல் நாள் மாலையே சரிசெய்துவிட முடியும். அது எப்படி என்று விளக்கவே இக்கடிதம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்க வேண்டும். "கண்ணைப் பார்த்துப் பேசமாட்டார், இவர் எப்படி நடிப்பார்?" என்று கேட்கிறார்கள். முகத்தை நெருக்கத்தில் எடுக்கும் க்ளோஸ் ஷாட்டில் எதிரே நிற்பவரின் இரு கண்களையும் யாருமே பார்ப்பதில்லை. பார்வை ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்குத் தாவினால் பெரிய திரையில் அது அலைபாய்வதாகத் தெரியும். கேமராவுக்கு அருகில் இருக்கும் ஒரு கண்ணில் மட்டும் பார்வையை நிறுத்துவதுதான் பழக்கம். பல நேரம் எதிரே ஆளே இருக்கமாட்டார். லென்ஸின் ஓரத்தில் ஒட்டிய டேப்பையோ உதவி இயக்குநர் நீட்டும் கையையோ பார்த்துப் பேச வேண்டியிருக்கும். ஆட்டிசம் உள்ள பலருக்கு மனிதக் கண்ணை விட டேப் துண்டு எளிது. எதிராளியின் தோளுக்குப் பின்னாலிருந்து எடுக்கும் ஓவர் ஷோல்டர் ஷாட்டில் அவருடைய புருவ நடுவைப் பார்த்தாலும் போதும், திரையில் வித்தியாசம் தெரியாது.

ஆடிஷனுக்கு இப்போது பெரும்பாலும் வீட்டிலிருந்தே வீடியோ கேட்கிறார்கள். இவர்களுக்கு இது நல்ல வழி. போனைப் படுக்கைவசத்தில், கண் உயரத்தில், ஸ்டாண்டில் வைக்க வேண்டும். செல்ஃபி கேமரா வேண்டாம். தன் முகம் திரையில் தெரிந்தால் பார்வை அங்கேயே போய் ஒட்டிக்கொள்ளும். பின்பக்கக் கேமராவில், ஐந்தாறு அடி தள்ளி நின்று, தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு மார்பு வரை எடுத்தால் சரியாக இருக்கும். ஜன்னல் முகத்துக்கு எதிரே இருக்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருண்டுவிடும். ஃபேனை நிறுத்திவிடுங்கள். எதிர் வசனம் படிப்பவர் லென்ஸின் பக்கவாட்டில், போனுக்கு ஓரடி பின்னால் நின்று தாழ்ந்த குரலில் படிக்கட்டும். போனை ஒட்டி நின்றால் நடிப்பவர் குரலை அவர் குரல் அமுக்கிவிடும். தொடக்கத்தில் பெயர், வயது, உயரம் சொல்லி, இடம் வலம் திரும்பி, கைகளைக் காட்ட வேண்டும். இந்த அறிமுகத்தைத் தனியாகவும் காட்சியைத் தனியாகவும் எடுத்தால் ஒன்றில் வரும் பதற்றம் மற்றதற்குத் தொற்றாது.

நேரில் போகும்போதுதான் சிக்கல். "ஏதாவது பண்ணிக் காட்டுங்க", "ஒரு சோகம் குடுங்க" என்று சொன்னால் ஆட்டிசம் உள்ளவர் உறைந்து நிற்பார். நடிக்கத் தெரியாமல் நிற்பதில்லை. ஆயிரம் சோகங்களில் எது வேண்டும் என்று தெரியாமல் நிற்கிறார். அப்போது அவர் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு: நான் யாரிடம் பேசுகிறேன்? எனக்கு அவரிடம் என்ன வேண்டும்? இதற்கு ஒரு நிமிடம் முன்பு என்ன நடந்தது? உட்கார்ந்திருக்கிறேனா, நிற்கிறேனா? ஒரு சிறு அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது நல்லது. பதற்றத்தில் வாயில் வராதது அட்டையில் இருக்கும். இயக்குநர்களுக்கும் ஒரு வார்த்தை. "இன்னும் கொஞ்சம் ஃபீல் பண்ணி" என்பதற்குப் பதில் "இரண்டாவது வரி முடிந்ததும் மூன்று வினாடி நிறுத்தி, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அடுத்த வரியைச் சொல்லுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். நீங்கள் தேடிய உணர்ச்சி அந்த இடைவெளியில் தானாக வந்து நிற்கும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம், அதாவது வசனம். நம் ஊர்ப் படப்பிடிப்புகளில், அதிலும் சின்னத்திரையில், வசனம் எழுதிய காட்சித் தாள் அன்றைக்கே கைக்கு வருகிறது. நடிப்பவர் பேசும்போதே உதவி இயக்குநர் பக்கத்தில் நின்று வசனத்தை எடுத்துக்கொடுக்கிறார், அதாவது ப்ராம்ப்ட் செய்கிறார். பின்னால் டப்பிங் இருப்பதால் அந்தக் குரல் யாரையும் உறுத்துவதில்லை. பழகிய நடிகருக்கு அது கைத்தாங்கல். ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்கோ ஒரே நேரத்தில் வரும் இரண்டு குரல்களைப் பிரித்துக் கேட்பது கடினம். தன் குரல், ப்ராம்ப்ட் குரல், எதிராளி குரல் மூன்றும் கலந்து வரும்போது மனப்பாடமாக இருந்த வரியும் அறுந்து போகிறது. "வசனம் நிற்கல, இன்னும் சத்தமா சொல்லு" என்று ப்ராம்ப்ட்டை உயர்த்துவார்கள், நிலைமை இன்னும் மோசமாகும்.

தீர்வு எளிது. முதல் நாளே தாளைக் கொடுத்துவிட்டால் பலருக்கு ப்ராம்ப்ட்டே தேவைப்படாது. தேவைப்பட்டால், வரி தொடங்கும் முன் முதல் இரண்டு சொற்களை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். எப்போதும் ஒரே ஆள், ஒரே பக்கத்திலிருந்து சொல்ல வேண்டும். செட்டில் வசனம் மாறினால் வாயால் சொல்லாமல், தாளில் எழுதிக் கொடுத்துப் பத்து நிமிடம் விட வேண்டும். வரியின் நடுவில் ஒரு சொல்லை மாற்றுவதை விட முழு வாக்கியத்தை எடுத்துவிட்டுப் புதிய வாக்கியம் கொடுப்பது இவர்களுக்கு எளிது. ஒரே ஓசையோடு மனதில் பதிந்த வரிக்குள் புதுச் சொல் நுழைந்தால் அடுத்த வரியும் சேர்ந்து குலைந்துவிடும்.

இதை எதிர்கொள்ள நடிப்பவரும் தயாராகலாம். வசனத்தை முதலில் எந்த உணர்ச்சியும் ஏற்றாமல், சமதளமாக மனப்பாடம் செய்ய வேண்டும். பிறகு அதே வரிகளை நடந்துகொண்டு, துணி மடித்துக்கொண்டு, கோபமாக, ரகசியமாக என்று வெவ்வேறு விதமாகச் சொல்லிப் பழக வேண்டும். ஒரே ராகத்தில் பதியவிட்டால் "டோனை மாத்துங்க" என்று இயக்குநர் சொல்லும்போது வசனமே போய்விடும்.

இவர்களிடம் பல இயக்குநர்கள் கவனிக்காமல் விடும் ஒரு திறமையும் உண்டு. காட்சி முழுவதையும் எடுக்கும் மாஸ்டர் ஷாட்டில் எந்தச் சொல்லில் டம்ளரை எடுத்தார், எந்தக் கையால் எடுத்தார் என்பதைப் பிறகு நெருங்கி எடுக்கும் மிட், க்ளோஸ் ஷாட் எல்லாவற்றிலும் அச்சுப் பிசகாமல் திரும்பச் செய்பவர்கள் இவர்களில் பலர். ஷாட்டுக்கு ஷாட் தொடர்ச்சி (கன்டின்யூட்டி) பார்ப்பவருக்கும் எடிட்டருக்கும் இதன் அருமை தெரியும். ஆனால் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு: முதல் டேக்கில் செய்ததே பதிந்துவிடும். ஆகவே செயலை ரிகர்சலிலேயே முடிவு செய்துவிடுங்கள். மூன்றாவது டேக்கில் "வலது கைக்குப் பதில் இடது கை" என்றால் நேரம் போகும்.

படப்பிடிப்பு நாளில் உடலைச் சோர வைப்பது காத்திருப்பு. ஏழு மணிக்கு வரச் சொல்லி மூன்று மணிக்கு முதல் ஷாட் வைப்பது துறையில் சாதாரணம். நேரம் நீள்வதைப் பலர் தாங்கிக்கொள்வார்கள். எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாததைத்தான் தாங்க முடியாது. அந்த நேரம் முழுக்க அறிமுகமில்லாதவர்களோடு சிரித்துப் பேசி 'சாதாரணமாக' இருந்து காட்டும் உழைப்பு வேறு. கேமரா ஓடும்போது கொடுக்க வேண்டிய சக்தி அங்கேயே கரைந்துவிடும். நாங்கள் பரிந்துரைக்கும் வாட்ஸ்அப் செய்தி இப்படி இருக்கலாம்:

"நாளை கால் டைம் காலை 8. இடம் வளசரவாக்கம், மாடி வீடு, லொகேஷன் கீழே. வந்ததும் என்னைக் கேளுங்கள், நீலச் சட்டை போட்டிருப்பேன். உங்களுக்கு இரண்டு காட்சிகள், 14, 22. முதலில் 22 எடுக்கிறோம். உங்கள் முதல் ஷாட் 11 மணிக்கு மேல்தான். தாள் இணைத்திருக்கிறேன். 14-இல் புகை போடுவோம். மதியம் சாம்பார் சாதம், தயிர் சாதம். ஆறு மணிக்குள் முடியும். தள்ளிப்போனால் நாலு மணிக்கே சொல்லிவிடுகிறேன்."

இதைத் தட்டச்சு செய்ய ஐந்து நிமிடம் ஆகுமா? சொன்ன நேரம் தவறினாலும் பரவாயில்லை, தவறியதைச் சொன்னால் போதும்.

ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றிலும் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன. முகத்துக்கு அரையடி முன்னால் 'டப்' என்று அடிக்கும் கிளாப் பலகை சிலருக்கு அறை வாங்குவது போல இருக்கும். ஆக்‌ஷன் சொன்ன பிறகும் அதிர்ச்சி தீராது. ஒலிப்பதிவு இல்லாத ஷாட்டில் கிளாப்பை அடிக்க வேண்டிய அவசியமே இல்லை, பலகையில் எழுதிய ஷாட் எண்ணைக் காட்டினால் போதும். ஒலிப்பதிவு இருந்தால் மெதுவாகத் தட்டலாம், அல்லது ஷாட்டின் முடிவில் பலகையைத் தலைகீழாகப் பிடித்து என்ட் கிளாப் அடிக்கலாம். காதில் ஹெட்போன் மாட்டினால் தலைமுடியும் ஒட்டுமுடியும் கலையும். நுரை அல்லது சிலிகான் இயர் ப்ளக் நல்லது. சைலன்ஸ் சொன்னதும் எடுத்துவிட்டு, கட் சொன்னதும் போட்டுக்கொள்ளலாம். மட்டமான எல்.ஈ.டி. விளக்குகளும் பழைய ட்யூப் லைட்டும் சிமிட்டுவது சிலர் கண்ணுக்குத் தெரியும், தலைவலி தரும். ஷாட் இல்லாத நேரத்தில் அந்த வெளிச்சத்துக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டுக் கொடுங்கள்.

மேக்கப்பில் பிரஷ்ஷின் மெல்லிய வருடல்தான் பலருக்கு ஆகாது. ஸ்பாஞ்சால் அழுத்தி ஒற்றினால் ஒத்துக்கொள்வார்கள். தொடும் முன் "இப்போ நெற்றி, அடுத்து கழுத்து" என்று சொல்லிவிட்டுத் தொட வேண்டும். ஒட்டு மீசைக்குப் போடும் ஸ்பிரிட் கம் என்ற பசையின் வாடையும் தோலை இழுக்கும் உணர்வும் நாள் முழுக்க உறுத்தும். முடிந்தால் அவரையே மீசை வளர்க்கச் சொல்லுங்கள். உடையை முன்கூட்டியே இரண்டு முறை அலசி, லேபிளை வெட்டி, உள்ளே பழகிய பருத்தி பனியன் போட அனுமதித்தால் பாதிப் பிரச்சினை போய்விடும். உடையில் மறைத்து வைக்கும் சிறு மைக்கை (லேபல் மைக்) நெஞ்சில் டேப் போட்டு ஒட்டுவதை விட உடையின் உள்பக்கம் ஒட்டுவது மேல்.

எல்லாம் செய்தும் சில நாள் தாங்க முடியாமல் போகலாம். அழுகை வரலாம், பேச்சு நின்றுவிடலாம், ஓரிடத்தில் சுருண்டு உட்காரலாம். அது அடம் அல்ல. சுற்றி நிற்காதீர்கள், தொடாதீர்கள், கேள்வி கேட்காதீர்கள், யாரும் போனை எடுத்துப் படம் பிடிக்கக் கூடாது. வெளிச்சம் குறைந்த அறையில், அவர் நம்பும் ஒருவர் மட்டும் சற்றுத் தள்ளி இருக்க, அரை மணி நேரம் விடுங்கள். அதற்குள் அவர் இல்லாத ஷாட்டை எடுத்துக்கொள்ளலாம். திரும்பி வந்ததும் "என்ன ஆச்சு?" என்று விசாரிக்காமல், அடுத்த ஷாட் எது என்று மட்டும் சொல்லுங்கள்.

டப்பிங் பற்றி எங்களுக்கு உறுதியான கருத்து உண்டு. இவர்கள் குரலில் ஏற்ற இறக்கம் குறைவாகவோ வேறு மாதிரியோ இருக்கலாம். அதற்காக வேறொருவர் குரலை ஏற்றினால் அவர் நடிப்பில் பாதியைப் பறித்ததாகிவிடும். டப்பிங் அறை அமைதியானது, இருட்டானது, ஆள் குறைந்தது. வரி வரியாகத் திரும்பச் சொல்லும் வேலை. படப்பிடிப்பை விட அங்கே இவர்கள் நன்றாகச் செய்ய வாய்ப்பு அதிகம். முயன்று பார்க்காமலே ஆளை மாற்றாதீர்கள்.

வேடங்களிலும் அப்படித்தான். 2022-இல் ஆஸ்திரேலியத் தொடரொன்றில் ஆட்டிசம் உள்ள மாணவியாக நடித்த க்ளோயி ஹேடன் தாமும் ஆட்டிசம் உள்ளவர். அத்தகைய வேடத்தை அவர்களுக்கே கொடுப்பது நல்லது. அதற்காகக் கடைக்காரர், வங்கி ஊழியர், பக்கத்து வீட்டு அண்ணன் வேடங்களை மறுக்க வேண்டியதில்லை. ஆட்டிசம் உள்ள பாத்திரத்துக்கு அழைத்தாலும் "கையை இன்னும் ஆட்டுங்க, அப்பதான் தெரியும்" என்று கேட்பது கூடாது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மாற்றுத்திறனாளிகளைத் திரையில் சித்திரிப்பதற்கு வழிகாட்டு நெறிகள் வகுத்தது. அவர்களை இழிவுபடுத்தும் நகைச்சுவையையும் அவர்கள் நிலையைப் புரியவைக்கும் நகைச்சுவையையும் பிரித்துக் காட்டியது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் பட்டியலில் ஆட்டிசமும் இருக்கிறது.

புதிதாக முயல்பவர்கள் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்களின் குறும்படங்களில் தொடங்குவது நல்லது. பத்துப் பேர் குழு, ஒரே இடம், தாள் முன்கூட்டியே கிடைக்கும். ஆட்டிசம் என்று வெளியில் சொல்வதா வேண்டாமா என்பது நடிப்பவரின் முடிவு. சொல்லாமலே "எனக்குத் தாள் முதல் நாள் வேண்டும், திடீர் சத்தம் ஆகாது" என்று தேவையை மட்டும் கூறலாம். பெயர் பதிய, போட்டோ எடுக்க என்று பணம் கேட்கும் ஏஜென்ட்டை நம்ப வேண்டாம். சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்பவர்களை ஏமாற்றுவது எளிது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம். சம்பளம் எவ்வளவு, யார் தருவார், எந்த நாளில், கமிஷன் போக எவ்வளவு, பேட்டா தனியா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தயாரிப்பாளர்களிடமும் நடிகர் தேர்வு செய்பவர்களிடமும் நாங்கள் கேட்பது இது: உங்கள் ஆடிஷன் அறிவிப்புகளில் "கேட்பவர்களுக்குக் காட்சித் தாள் 24 மணி நேரம் முன்பே தரப்படும், உடன் ஒருவர் வரலாம்" என்று ஒரு வரி சேருங்கள். தங்கள் நாளிதழில் வெளியாகும் நடிகர் தேவை விளம்பரங்களிலும் அந்த வரியைச் சேர்க்கும்படி விளம்பரதாரர்களைக் கேட்டுக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ஆட்டிசம் உள்ள நடிகர்களுக்குப் பயிற்சியளிப்போர்,
சென்னை.