முதல் பருவ மடல்: சில செய்திகளும் ப்ராஜெக்ட் பற்றி ஒரு வேண்டுகோளும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

முதல் பருவம் நல்லபடியாக முடிந்தது. விடைத்தாள்கள் திருத்தியாகிவிட்டன, மதிப்பெண் அட்டைகள் வகுப்பாசிரியர்களிடம் தயாராக உள்ளன. விளையாட்டு விழாவில் எல்லா அணிகளும் உற்சாகமாகக் கலந்துகொண்டன. பேச்சு, ஓவியம், வினாடி வினா என்று வெளியில் போட்டிகளுக்குப் போனவர்கள் பரிசுகளோடு திரும்பினார்கள். நூலகத்துக்குப் புதிய புத்தகங்கள் வந்துள்ளன. மாடிக் குடிநீர்க் குழாய் ஒருவழியாகச் சரியாகிவிட்டது. உழைத்த எல்லோருக்கும் பாராட்டுகள்.

இனி, மேல்நிலை வகுப்புகளின் ஆய்வு ப்ராஜெக்ட் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. கீழ் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரும் தயவுசெய்து படியுங்கள். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

இந்த ஆண்டு உளவியல், சமூகப் பிரச்சினைகள் என்ற பிரிவில் பெயர் கொடுத்தவர்கள் மிக அதிகம். எனக்கு அதில் மெய்யான சந்தோஷம். எரிமலை மாடலும் காற்றாலை மாடலும் பார்த்துப் பழகிய எங்களுக்கு, ‘கூட்டத்தில் இருக்கும்போது நாம் ஏன் வேறு மாதிரி நடந்துகொள்கிறோம்?’ என்று ஒரு பதினாறு வயதுப் பிள்ளை கேட்பது புதிது. அந்த ஆர்வம் வீட்டில் நீங்கள் பேசும் பேச்சிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

ஆனால் இந்தப் பருவத்தின் கடைசி வாரங்களில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. யார் என்பது இங்கே தேவையில்லை. சம்பந்தப்பட்ட குடும்பங்களோடு தனியாகப் பேசிவிட்டோம். ‘மாணவர்களிடையே மன அழுத்தம்’ என்ற தலைப்பில் ஒரு குழு இணையத்தில் ஒரு ஃபார்ம் தயாரித்து வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டது. முதல் கட்டத்தில் பெயர். பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம், அதாவது நிரப்பாமல் மேலே போக முடியாது. நான்காவது கேள்வி, ‘வீட்டில் பெற்றோர் சண்டை போடுவார்களா? தினமும் / எப்போதாவது / இல்லை.’ பதில்கள் போய்ச் சேர்ந்த பட்டியலை, லிங்க் வைத்திருந்த எவரும் திறந்து பார்க்கலாம். மதிய இடைவேளைக்குள் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. நண்பர்கள் கேட்கிறார்களே என்று உண்மையை எழுதிய ஒரு பிள்ளை, மறுநாள் பள்ளிக்கு வரவில்லை.

அதே ஃபார்மின் கடைசிப் பகுதியில் பிஎச்கியூ-9 கேள்விகளை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். மருத்துவர்களும் ஆலோசகர்களும் மனச்சோர்வை முதல்கட்டமாகக் கண்டறியப் பயன்படுத்தும் கேள்வித்தாள் அது. ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், அதிகபட்சம் 27. கூட்டிப் பார்த்தால் ஒரு எண் வரும்; அந்த எண்ணை வைத்து நோய் இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது, அதற்குத் தகுதியுள்ளவர் நேரில் பேச வேண்டும். நம் பிள்ளைகள் கூட்டினார்கள், வகுப்புத் தோழர்களை ‘மிதம்’, ‘தீவிரம்’ என்று பிரித்தார்கள், கலர் கலராகச் சார்ட் போட்டார்கள். அந்தக் கேள்வித்தாளின் ஒன்பதாவது கேள்வி, இறந்துபோனால் நல்லது, தன்னையே காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணங்கள் வருகின்றனவா என்று கேட்பது. அதற்கு ஒரு பிள்ளை ‘ஆம்’ என்ற பொருளில் பதில் சொன்னால், கேட்டவருக்கு அடுத்த நிமிடம் என்ன செய்வது என்று தெரிந்திருக்க வேண்டும். பதினோராம் வகுப்பு மாணவருக்கு அது தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. உளவியல் துறையே இந்தப் பாடத்தைச் சிரமப்பட்டுத்தான் கற்றது. யேல் பல்கலைக்கழகத்தில் 1961-இல் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனையை மாணவர்கள் வீடியோவில் பார்த்துவிட்டு வந்து வியப்போடு பேசுகிறார்கள். பக்கத்து அறையில் இருப்பவர் தவறாகப் பதில் சொல்லும்போதெல்லாம் அவருக்கு மின்அதிர்ச்சி கொடுக்கச் சொல்லும் சோதனை அது. அதன் முதல் அறிக்கையில், சொன்னதைக் கேட்டு 450 வோல்ட் வரை சுவிட்சை அழுத்தியவர்கள் 40 பேரில் 26 பேர். மின்சாரம் பொய், அழுத்தியவர்களின் வியர்வையும் நடுக்கமும் நிஜம். 1971-இல் ஸ்டான்ஃபோர்டில் மாணவர்களைக் காவலர்களாகவும் கைதிகளாகவும் நடிக்கவைத்து பிலிப் சிம்பார்டோ நடத்திய சிறைச் சோதனை இரண்டு வாரத்துக்குத் திட்டமிடப்பட்டது; ஆறாவது நாளிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. இப்படிப்பட்ட சோதனைகளைப் பற்றி எழுந்த விவாதங்களும், மருத்துவ ஆய்வுகளில் நடந்த கொடுமைகளும் சேர்ந்துதான் பின்னால் விதிகளைக் கொண்டுவந்தன. மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கான நெறிகளைச் சொல்லும், அமெரிக்காவில் 1979-இல் வெளியான பெல்மான்ட் அறிக்கை அவற்றில் முக்கியமானது. இன்று பொதுவாக எந்தப் பேராசிரியரும் நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் மனிதர்களை வைத்து ஆய்வைத் தொடங்க முடியாது. (வகுப்பறையில் காவலர்–கைதி சோதனை நடத்தலாமா என்று கேட்ட குழுவுக்கு என் பதில் இதிலேயே இருக்கிறது.)

அப்படியானால் பிள்ளைகள் என்னதான் செய்வது என்று நீங்கள் கேட்கலாம். செய்ய நிறைய இருக்கிறது. அடுத்தவர் காயத்தைக் கிளறாமலே மனதைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம்.

முதலில் தம்மையே சோதித்துக்கொள்ளலாம். நினைவாற்றல் ஆய்வின் முன்னோடியான ஹெர்மன் எபிங்ஹாஸ் அப்படித்தான் செய்தார். பொருளில்லாத அசைகளை ஆயிரக்கணக்கில் உருவாக்கி, தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தம்மையே அளந்து 1885-இல் வெளியிட்டார். முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பெரும்பகுதி போய்விடுகிறது, அப்புறம் மறப்பது மெதுவாகிறது என்பது அவர் கண்டது. ‘ஞெப்’, ‘தூழ்’, ‘கௌட்’ என்று தமிழில் அசைகள் செய்து இதை வீட்டிலேயே திரும்பச் செய்யலாம். தேவை ஒரு நோட்டு, ஒரு கடிகாரம், பொய் எழுதாத கை. கைபேசியையும் இப்படி ஆராயலாம்: இன்று எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று ராத்திரி முதலில் உத்தேசமாக எழுதிவிட்டு, பிறகு கைபேசி காட்டும் கணக்கைத் திறந்து பார்ப்பது. இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் ஆய்வு. பெற்றோரும் கூடவே செய்து பார்க்கலாம். யார் கணக்கு அதிகம் தவறுகிறது என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு, சொல்ல மாட்டேன்.

எனக்கு மிகவும் பிடித்தது ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935-இல் வெளியிட்ட நிறச்சொல் சோதனை. ‘சிவப்பு’ என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதி, மையின் நிறத்தைச் சொல்லச் சொன்னால் நாக்கு தடுமாறும். படிப்பது பழகிப்போனதால், வேண்டாம் என்றாலும் மூளை அந்தச் சொல்லைப் படித்துவிடுகிறது. நம் மாணவர்கள் இதில் புதிதாக ஒன்றைக் கேட்க முடியும்: தமிழ் எழுத்தில் தடுமாற்றம் அதிகமா, ஆங்கில எழுத்தில் அதிகமா? சிறு வயதிலிருந்து எந்த மொழியில் அதிகம் படித்தார் என்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? நிறம் பிரித்தறிவதில் சிரமம் உள்ளவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். மற்றபடி, கலந்துகொள்பவர்கள் சிரித்துக்கொண்டே எழுந்து போகக்கூடிய சோதனை இது.

சாட்சியம், நீதி என்று ஆர்வம் உள்ளவர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974-இல் வெளியிட்ட ஆய்வைப் படிக்கட்டும். கார்கள் மோதும் படத்தைக் காட்டிவிட்டு, சிலரிடம் ‘இடித்தபோது’ என்றும் சிலரிடம் ‘மோதி நொறுங்கியபோது’ என்ற தொனியிலும் வேகத்தைக் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, ‘கண்ணாடி உடைந்து கிடந்ததா?’ என்று எல்லோரிடமும் கேட்டார்கள். ‘இடித்த’ பிரிவில் 50 பேரில் 7 பேர் ஆம் என்றார்கள். ‘நொறுங்கிய’ பிரிவில் 50 பேரில் 16 பேர். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. பொம்மைக் கார்களை மோதவிட்டு எடுத்த வீடியோ போதும், இதை நம் பிள்ளைகள் செய்து பார்க்கலாம். முடிந்தவுடன், எதற்காக அப்படிக் கேட்டோம் என்று கலந்துகொண்டவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.

சமூகப் பிரச்சினைகளுக்கும் எல்லோரையும் பேட்டி எடுத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பாடப்புத்தகப் படங்களில் ஆண்கள் என்ன வேலை செய்கிறார்கள், பெண்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று எண்ணலாம். செய்தித்தாள் தலைப்புகளில் மனநோய் பற்றிய சொற்கள் எந்தச் சூழலில் வருகின்றன என்று பார்க்கலாம். இப்படி எண்ணும்போது எதை எந்த வகையில் சேர்ப்பது என்ற விதியை முதலிலேயே எழுதிவைத்து, இருவர் தனித்தனியாக எண்ணி ஒப்பிட வேண்டும். இருவர் கணக்கும் ஒத்துவராவிட்டால் விதி தெளிவாக இல்லை என்று அர்த்தம். இன்னொன்று: பள்ளி வாசலிலிருந்து வேதியியல் ஆய்வகம் வரை சக்கர நாற்காலியில் ஒருவர் தனியாகப் போக முடியுமா? சரிவுப்பாதைக்குப் பரவலாக ஏற்கப்பட்ட அளவு 1:12, அதாவது ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். டேப் எடுத்து அளக்கட்டும். முடிவு எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கும் என்று இப்போதே தெரிகிறது. பரவாயில்லை, அறிக்கையை என் மேசையிலேயே வைக்கட்டும்.

மனச்சோர்வு, போதை, குடும்ப வன்முறை போன்ற கனமான விஷயங்களைத் தொடவே கூடாதா என்றால், தொடலாம். வெளியான ஆய்வுகளைப் படித்து எழுதலாம். பள்ளி ஆலோசகரைப் பேட்டி எடுக்கலாம். உதவி கேட்கப் பிள்ளைகள் ஏன் தயங்குகிறார்கள் என்று பொதுவாக ஆராயலாம். பக்கத்து பெஞ்சில் இருப்பவரிடம் ‘உனக்கு இருக்கிறதா?’ என்று கேட்பதுதான் கூடாது.

இப்போது உங்களிடம் நேராக ஒன்றைச் சொல்கிறேன். வருத்தப்பட வேண்டாம்.

சமர்ப்பிப்பதற்கு முந்தின இரவு, ‘ப்ளீஸ் ஃபில் பண்ணுங்க, நாளைக்கு சப்மிஷன்’ என்று இந்த ஃபார்ம்களை உறவினர் குரூப்களிலும் அலுவலக குரூப்களிலும் அனுப்பியது பிள்ளைகள் மட்டும் இல்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் கைக்கும் அது அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. வேறொரு ப்ராஜெக்டில், நள்ளிரவைத் தாண்டிச் சில நிமிட இடைவெளியில் வரிசையாகப் பதில்கள் விழுந்திருக்கின்றன. ஒரே எழுத்துப்பிழை எல்லாவற்றிலும் இருக்கிறது. எண்ணிக்கை போதவில்லை என்று பெரியவர்கள் யாரோ உதவியிருக்கிறார்கள். அதை உதவி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இல்லாத மனிதர்களின் பதிலை எழுதுவது பொய்க்கணக்கு. பன்னிரண்டு பேரின் உண்மையான பதிலுக்கு நாங்கள் முழு மதிப்பெண் தருவோம். அதேபோல, முப்பது நண்பர்களிடம் கேட்டுவிட்டு ‘கைபேசியால் மதிப்பெண் குறைகிறது’ என்று முடிவெழுத வேண்டாம். படிப்பில் மனம் செல்லாததால் கைபேசியை எடுத்திருக்கலாம். தூக்கமின்மை இரண்டுக்கும் காரணமாக இருக்கலாம். ‘இந்தக் கேள்விக்கு எங்களால் விடை சொல்ல முடியவில்லை’ என்று முடியும் அறிக்கையும் நல்ல அறிக்கைதான்.

ஆகவே அடுத்த பருவம் முதல், வழிகாட்டி ஆசிரியர் கையெழுத்திடாத எந்தக் கேள்வித்தாளும் யாருக்கும் போகக்கூடாது. பெயர், வரிசை எண், கைபேசி எண், மின்னஞ்சல் எதையும் கேட்கக்கூடாது. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர் கலந்துகொள்ள, பெற்றோர் அனுமதியும் வேண்டும், அந்தப் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். பாதியில் எழுந்து போனால் காரணம் கேட்கக்கூடாது. ‘சோஷியல் எக்ஸ்பெரிமென்ட்’ என்ற பெயரில் பொய்யாக மயங்கி விழுவது, பொய்ச் சண்டை போடுவது, அதைப் படமெடுப்பது எதற்கும் இடமில்லை. பேட்டியின்போது ஒரு பிள்ளை கவலைப்படும்படி ஏதாவது சொன்னால், அன்றைக்கே ஆலோசகரிடம் சொல்லியாக வேண்டும். ரகசியம் காப்பேன் என்ற வாக்கு அதற்குப் பொருந்தாது. இவற்றை மீறிய ப்ராஜெக்டை, எவ்வளவு அழகாக பைண்டிங் செய்திருந்தாலும், மதிப்பிட மாட்டோம்.

கடுமையாகப் பேசிவிட்டேனோ என்று தோன்றுகிறது. உங்களில் பெரும்பாலோர் இந்தப் பருவம் முழுக்க எங்களோடு ஒத்துழைத்தீர்கள். அந்த ஃபார்ம் விவகாரத்தை முதலில் எங்கள் கவனத்துக்குக் கொண்டுவந்ததே ஒரு தாயார்தான். தம் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், மற்றப் பிள்ளைகளுக்காகப் பேசினார். ஃபார்ம் தயாரித்த மாணவர்களின் பெற்றோரும் தயங்காமல் வந்து பேசினார்கள். அந்த மாணவர்கள் பதில்களை அழித்துவிட்டு, இப்போது ஸ்ட்ரூப் சோதனைக்கு நிற அட்டைகள் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி.

அனுமதிப் படிவம் இத்துடன் இருக்கிறது. விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் முதல் நாள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தால் போதும். கையெழுத்து உங்களுடையது, தலைப்பை மட்டும் பிள்ளைகளே யோசித்து, அவர்கள் கையாலேயே எழுதட்டும். தலைப்பு அகப்படாமல் திண்டாடினால், விடுமுறையின் கடைசி இரண்டு நாட்கள் காலையில் உளவியல் ஆசிரியரும் நானும் பள்ளியில்தான் இருப்போம், வரச்சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்