பட்டன் போனுக்கு எதற்கு டேட்டா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் செல்போன் கட்டணத்தை உயர்த்தியபோது எல்லோரும் கத்தினோம், பிறகு அடங்கியும்விட்டோம். அந்த உயர்வைவிட எனக்கு எரிச்சலூட்டுவது, கேட்காத பொருளை நம் தலையில் கட்டுவதுதான்.

கீழ்கோத்தகிரிப் பக்கம் தேயிலை பறிக்கப் போகும் பெண்கள் பலரிடம் இன்னும் பட்டன் போன்தான் இருக்கிறது. திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் கூப்பிட்டால் எடுத்துப் பேச அது போதும். ரீசார்ஜ் கடையிலோ, தினமும் ஒன்றரை ஜிபி டேட்டாவுடன் 28 நாள் திட்டத்தைப் போட்டு அனுப்புகிறார்கள். அந்தப் போனில் அதைச் செலவழிக்க வழியே இல்லை. 28 நாள் கணக்கில் ஆண்டுக்கு 13 முறை பணம் கட்ட வேண்டும். வருடத்துக்கு 12 மாதம் என்பது மற்ற எல்லோருக்கும் தெரியும்!

பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டத்தையும் நிறுவனங்கள் தர வேண்டும், அதற்கு 365 நாள் வரை செல்லுபடி வைக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதி செய்தது. 30 நாள் திட்டம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 2022-லேயே சொல்லிவிட்டது. கடைக்காரரின் திரையில் இவையெல்லாம் அடியில் கிடக்கும். "அப்படி ஒன்றும் இல்லையம்மா" என்றால் நகராமல் நின்று கேளுங்கள். காலர் டியூன் என்று சொல்லிக் காசு பிடித்தால் 155223 என்ற இலவச எண்ணில் நிறுத்தலாம்.

நிறுவனத்திடம் புகார் சொல்லும்போது பதிவு எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள், மறுமுனையில் எவ்வளவு இனிமையாக வருத்தம் தெரிவித்தாலும் சரி. தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம், கட்டணம் கிடையாது. டிராய்க்கு எழுதிவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. தனிநபர் புகாரை அது தீர்த்துவைப்பதில்லை. அதைவிட ஊட்டியில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். தொலைபேசி வழக்குகளை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் தெளிவாக்கிவிட்டது. இந்த அளவுத் தொகைக்கு வழக்குக் கட்டணமும் இல்லை.

ஆனால் ஒரு விதி மலைக்குப் பொருந்தவே இல்லை. ஒரு மாவட்டத்தில் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் முடங்கினால் கட்டணத்தில் கழிவோ, கூடுதல் நாட்களோ தர வேண்டும் என்கிறது டிராயின் 2024-ஆம் ஆண்டுத் தர விதிமுறை. வடகிழக்குப் பருவமழையில் மரம் விழுந்து மின்சாரம் போனால், டவரின் பேட்டரி தீர்ந்ததும் எங்கள் பள்ளத்தாக்கே ஊமையாகிவிடும். அந்த நேரத்தில் ஊட்டியிலும் குன்னூரிலும் பேசிக்கொண்டுதான் இருப்பார்கள். மாவட்டம் முடங்கவில்லை, ஆகவே எங்களுக்குக் கழிவும் இல்லை. எந்த டவர் எத்தனை மணி நேரம் நின்றது என்பது நிறுவனத்தின் கணினியிலேயே பதிவாகிறது. மாவட்டத்தை விட்டு அதையே அளவாக வைத்தால் என்ன?

எங்கள் ஊராட்சியின் அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரக் கேட்கப் போகிறோம். மற்ற ஊராட்சிகளும் கொண்டுவந்தால், டெல்லியில் பேச நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கையில் ஏதாவது இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கீழ்கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்