லண்டனில் இருக்கும் தேன்மொழிக்கு

அன்பு மகள் தேன்மொழிக்கு,

புது லேப்டாப் வாங்கியதில் அம்மாவுக்கும் எனக்கும் சந்தோஷம். ரயில், நூலகம், காபிக் கடை என்று போகிற இடமெல்லாம் அதைத் திறந்துவைத்து வேலை செய்கிறேன் என்றாய். அப்படியானால் அதில் ஒரு வைஃபை செட்டிங்கை மாற்றிவிடும்மா.

ஒவ்வொரு வைஃபை கருவிக்கும் தொழிற்சாலையிலேயே 48 பிட் முகவரி ஒன்றை, அதாவது எண்ணும் ஆங்கில எழுத்துமாகப் பன்னிரண்டு இடம் கொண்ட அடையாளத்தைப் பதித்து அனுப்புகிறார்கள். மேக் அட்ரஸ் என்பது அதுதான். முன்பாதி தயாரித்த கம்பெனியைக் காட்டும், பின்பாதி உன் கருவியை. நீ எந்த வைஃபையிலும் சேரவே வேண்டாம். பக்கத்தில் என்ன நெட்வொர்க் இருக்கிறது என்று தேடும்போதே லேப்டாப் அந்த முகவரியை வெளியே சொல்லிவிடும். நெட்வொர்க்குக்குப் பாஸ்வேர்டு இருந்தாலும் முகவரி மறையாது. அருகில் ரிசீவர் வைத்திருப்பவர் குறித்துவைத்து, நீ மறுபடி எப்போது வந்தாய் என்று பார்க்கலாம்.

உன் ஊரிலேயே இது நடந்திருக்கிறது. 2013இல் சிட்டி ஆஃப் லண்டன் தெருக்களில் சில குப்பைத் தொட்டிகளுக்குள் கருவி பொருத்தி, கடந்துபோகிறவர்களின் போன் முகவரிகளைச் சேர்த்தார்கள். விஷயம் வெளிவந்ததும், அந்த ஆகஸ்டிலேயே நகர நிர்வாகம் நிறுத்தச் சொன்னது. 2016 கடைசியில் லண்டன் பொதுப் போக்குவரத்தை நடத்தும் டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன் 54 சுரங்க ரயில் நிலையங்களில் நான்கு வாரம் இதே வழியில் பயணிகளின் போக்கைக் கணக்கெடுத்தது. அவர்கள் அறிவிப்பு வைத்தார்கள்; வேண்டாதவர்கள் வைஃபையை அணைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அது முறை. சொல்லாமல் குறித்துக்கொள்கிறவர்களை நினைத்தால்தான் எனக்கு மனசு கேட்கவில்லை, அதுவும் நீ தனியாக இருக்கும் ஊரில்.

போனைப் பற்றிக் கவலையில்லை. ஆண்ட்ராய்டு 10, ஐபோனில் ஐஓஎஸ் 14 வந்ததிலிருந்து ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் போன் தானே வேறு முகவரி காட்டுகிறது. விண்டோஸ் லேப்டாப்பில்தான் நாமே போட வேண்டும். செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதற்குள் வைஃபை, அங்கே 'ரேண்டம் ஹார்டுவேர் அட்ரஸஸ்' என்று இருக்கும். ஆன் செய். நிஜ முகவரிக்குப் பதிலாகத் தற்செயலான ஒன்றை லேப்டாப் காட்டும். அந்த வரியே இல்லையென்றால் உன் வைஃபை கருவிக்கு அந்த வசதி கிடையாது. அப்போது வெளியே வேலை இல்லாத நேரத்தில் வைஃபையை அணைத்துவை.

பல்கலைக்கழக விடுதியில் முகவரியைப் பதிவு செய்துதான் இணைப்பு தருவார்கள் என்றால், அந்த ஒரு நெட்வொர்க்குக்கு மட்டும் ஆஃப் செய்துகொள். மற்ற இடங்களில் தினமும் மாறும்படி வைத்தாலும் நல்லதுதான். சில கடைகளில் மறுபடி லாகின் கேட்கும், அவ்வளவே. இதைப் போட்டுவிட்டதால் இணையதளங்களுக்கு உன்னைத் தெரியாது என்று எண்ணாதே. மேக் அட்ரஸ் அந்த வைஃபையைத் தாண்டிப் போகாது. கூகுளில் நீ லாகின் செய்திருந்தால் கூகுளுக்கு நீ யார் என்று தெரியத்தான் செய்யும்.

மாற்றிய பிறகு ஒரு காபிக் கடை வைஃபையில் சேர்ந்து, முகவரியின் இரண்டாவது எழுத்தைப் பார். 2, 6, A, E இவற்றில் ஒன்று இருந்தால் அது தற்செயல் முகவரி. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது என்ன வந்தது என்று சொல்.

அன்புடன்,
அப்பா