படகு பிறகு வரட்டும், முதலில் கம்பை நடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் வாசகர் பகுதியில் ஒருவர், ஒல்லாந்து (நெதர்லாந்து) நாட்டில் இருப்பதுபோல ஆழமில்லாத யாழ்ப்பாணப் பரவைக்கடலிலும் வாடகைப் படகு விட்டால் வெளிநாட்டுக்காரர் வந்து குவிவார்கள் என்று எழுதியிருந்தார். அவர் அந்தப் படகில் ஏறினாரோ, படத்தில் பார்த்தாரோ, நான் அறியேன். நான் ஏறினேன். போன ஆனி மாதம் இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துச் சுக்கானும் பிடித்தேன். 31 வருடம் குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையில் லோஞ்ச் ஓட்டியவன் என்றபடியால் இந்த விடயத்தில் நானும் வாய் திறக்கலாம் என்று நினைக்கிறேன். படகு விடமுன்னர் தண்ணீரில் பாதை காட்டும் கம்பு நடவேண்டும் என்பதுதான் நான் சொல்லப்போவது.

மகள் குடும்பம் ஒல்லாந்தில் டென்ஹாக் நகரத்தில் இருக்கிறது. நான் போய் இறங்கி நாலாம் நாளே, "அப்பா, வீட்டுக்குள் இருந்து கால் வீங்குது, வாங்கோ கடலுக்குப் போவம்" என்றாள். கடல் இல்லை, ஏரி. லெய்டன் நகரத்துக்கு வடக்கே காக் ஏரிகள் என்று ஒன்றோடொன்று தொடுத்த நீர்ப்பரப்புகள் இருக்கின்றன. அங்கே வார்மொண்ட் என்ற ஊரில் படகு வாடகைக்குக் கொடுக்கிறார்கள். எவ்வளவு என்று மகள் கடைசிவரை சொல்லவில்லை. சொன்னால் அப்பா ஏறமாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

படகுக்காரப் பெடியன் என்னிடம் லைசன்ஸ் கேட்பான் என்று, நான் என் பழைய அட்டையை பிளாஸ்ரிக் உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவன் கேட்கவேயில்லை. 15 மீற்றருக்குக் குறைந்த, மணிக்கு 20 கிலோமீற்றருக்கு மேல் ஓடமுடியாத படகென்றால் அந்த நாட்டில் ஓட்டுவதற்குப் பத்திரம் வேண்டாமாம். முற்பணம் வாங்கினான், உயிர்காப்பு அங்கி கொடுத்தான், முன்னுக்கு, பின்னுக்கு, நிறுத்துவது என்று கால்மணி நேரம் காட்டித் தந்தான், சாவியை நீட்டினான். அந்தச் சாவியில் தேசிக்காய் அளவில் ஒரு தக்கை உருண்டை கோத்திருந்தது. தவறித் தண்ணீரில் விழுந்தாலும் சாவி மிதக்குமாம். நான் என் காலத்தில் கடலுக்குக் கொடுத்த சாவிகளை நினைத்துக்கொண்டேன்.

இனித்தான் நான் சொல்ல வந்த கதை. நாங்கள் அந்தப் படகில் லெய்டனிலிருந்து டெல்ஃப்ற்றுக்குப் போனோம். யாழ்ப்பாணத்தாருக்கு இது விளங்கவேண்டும். 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், எங்கள் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப்பெயர்களைச் சூட்டினார்கள். காரைதீவு ஆம்ஸ்ரர்டாம், வேலணை லெய்டன், புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு றொட்டர்டாம், நெடுந்தீவு டெல்ஃப்ற். மற்றப் பெயர்கள் பெரும்பாலும் வழக்கிழந்துவிட்டன, எங்கள் நெடுந்தீவுக்கு மட்டும் ஆங்கிலத்தில் அந்தப் பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆக, நான் அன்றைக்கு ஓட்டியது வேலணையிலிருந்து நெடுந்தீவுக்கு. எங்கள் பாதையில் வரும் கொந்தளிப்பான ஏழாத்துப் பிரிவுக் கடல் இல்லை, அலை இல்லை, வாந்தி எடுக்க ஒருவரும் இல்லை.

ஏரியில் முதல் அரைமணி நேரம் நான் பேசவில்லை. கரை மேலே இருக்கவேண்டும், தண்ணீர் கீழே இருக்கவேண்டும் என்பதுதானே நாங்கள் அறிந்த உலகம். அங்கே வரம்புக்கு அப்பால் பசுமாடு எங்கள் படகை விடப் பதிவாக நின்று மேய்கிறது. தண்ணீர் மேலே, வயல் கீழே. இறைத்து இறைத்து எடுத்த நிலம். ஒருநாள் இறைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று மருமகனிடம் கேட்டேன். "மாமா, அதைக் கேட்கத்தான் இங்கே ஒரு நீர்வாரியம் 1289ஆம் ஆண்டிலிருந்து இருக்கு" என்றார். டெல்ஃப்ற் பகுதியின் நீர்வாரியம் அது. 700 வருடத்துக்கு மேலாக ஒரே வேலை: தண்ணீரை அளப்பது, வரம்பைப் பார்ப்பது, வரி எடுப்பது. எங்கள் பக்கத்தில் ஒரு மதகுக் கதவுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் மூன்று கந்தோருக்கு அனுப்புவார்கள்.

லெய்டனுக்குத் தெற்கே ஃப்லீற் என்ற வாய்க்கால் தொடங்குகிறது. ஏறத்தாழ அதே வழியில் கி.பி. 47 அளவில் கொர்புலோ என்ற ரோமத் தளபதி றைன் ஆற்றையும் மாஸ் ஆற்றையும் இணைத்து வாய்க்கால் வெட்டினாராம். 17ஆம் நூற்றாண்டில் கரையில் குதிரை இழுக்கப் பயணிகள் படகு நேரசூசிப்படி ஓடியது. அதே ஒல்லாந்தர்தான் எங்கள் தீவில் குதிரை வளர்த்தவர்கள். அங்கே குதிரை படகை இழுத்தது, இங்கே குதிரையைப் படகில் ஏற்றினார்கள். இது இடையில் வந்த பேச்சு, விடுங்கள்.

நாங்கள் எடுத்தது கூரையில்லாத படகு. தலையைக் குனிந்தால் பல பாலத்தின் கீழே போய்விடலாம். குனிவதா வேண்டாமா என்று ஊகிக்கத் தேவையில்லை. பாலத்தின் தூணில் அளவுகோல் தீட்டியிருக்கிறது, தண்ணீருக்கும் பாலத்துக்கும் இந்த நிமிடம் எவ்வளவு இடைவெளி என்று அதில் வாசித்துக்கொள்ளலாம். ஒரு பாலம் மட்டும் மிகவும் தாழ்வு, திறந்தால்தான் போகலாம். சிவப்பு விளக்கு எரிந்தது. நான் இயந்திரத்தைத் தணித்துக் காத்து நின்றேன். பத்து நிமிடம், இருபது, முப்பது. சோளகக் காற்றுக் காலத்தில் நெடுந்தீவுக்கு ஓடும் குமுதினிப் படகைப் பார்த்துக் காத்திருந்து பழகிய சனம் நாங்கள், எனக்குப் பெரிதாகப் படவில்லை. பேத்திதான், "அம்மப்பா, மேலும் கீழுமாய் ரெண்டு சிவப்பு எரியுது, அது திறக்காது எண்டு அர்த்தம். அங்க பலகையில நேரமும் போட்டிருக்கு" என்றாள். மாலையில் வேலை விட்டுச் சனம் வீடு திரும்பும் நேரம் பாலத்தைத் தூக்க மாட்டார்களாம். 31 வருடம் சுக்கான் பிடித்தவனுக்கு 11 வயதுப் பிள்ளை வாசித்துக் காட்டினாள். அவளுக்கு 12 ஆனால் இப்படியான சின்னத் திறந்த படகை அவளே ஓட்டலாம், அங்கே சட்டம் அப்படி. அந்த நாளை அவள் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

அதற்கு முன்னரே ஒரு வெட்கக்கேடு நடந்திருந்தது. லெய்ட்சென்டாம் என்ற இடத்தில் நீர்க்கதவு. உள்ளே போனதும் பின்கதவை மூடி, தண்ணீர் மட்டத்தைச் சரிசெய்து, முன்கதவைத் திறக்கிறார்கள். நான் கரைக்கட்டையில் கயிற்றைப் போட்டு, எங்கள் முறைப்படி இறுக்கிக் கட்டிவிட்டுப் பெருமையாக நிமிர்ந்தேன். பக்கத்துப் படகில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா எட்டி வந்து, ஒன்றும் பேசாமல், என் முடிச்சை அவிழ்த்துக் கயிற்றை என் கையில் தந்தார். நீர்க்கதவுக்குள் கட்டக்கூடாது, ஒரு சுற்றுப் போட்டுக் கையில் பிடித்துக்கொள்ளவேண்டும். தண்ணீர் இறங்கினால் கட்டிய படகு கயிற்றில் தொங்கும். அன்றைக்கு மட்டம் மாறியது ஒரு சாண் அளவுதான், ஒன்றும் நடந்திராது. ஆனாலும் அந்த அம்மா செய்தது சரி.

டெல்ஃப்ற்றில் கிழக்கு வாசல் என்று இரட்டைக் கூர்க்கோபுரத்தோடு ஒரு பழைய நகரவாசல் வாய்க்கால் கரையிலேயே நிற்கிறது. அதைப் பார்த்ததும் படகைக் கட்டிவிட்டோம். கட்டுவதற்கு இடம் தேடவில்லை என்பதைக் கவனியுங்கள். எங்கே கட்டலாம் என்று நீலப்பலகை, எங்கே கட்டக்கூடாது என்று குறுக்குக்கோடு போட்ட பலகை, கட்டுவதற்குக் கட்டை, ஏறுவதற்குப் படி. இரவுக்குக் கட்டணம் செலுத்திவிட்டு மகள் வீட்டுக்குப் போய்ப் படுத்து, காலையில் வந்து எடுத்தோம். படகு வைத்த இடத்தில் இருந்தது.

சரி, வாசகர் சொன்னதற்கு வருகிறேன். அவர் பார்த்தது படகை. நான் பார்த்தது கம்பை, அதாவது பாதை காட்டும் அடையாளத்தை. ஏரியில் ஆழமான பாதை எது என்று சிவப்பும் பச்சையுமாக அடையாளம் மிதக்கிறது. படகு ஓட்டவே தெரியாதவனிடம் அந்தப் பெடியன் துணிந்து சாவி கொடுப்பது அதனால்தான். வேகக் கட்டுப்பாடும் தண்ணீரிலேயே எழுதியிருக்கிறது, ஊருக்குள் 6 கிலோமீற்றர் என்றால் 6தான்.

எங்கள் பரவைக்கடலைப் பாருங்கள். பல இடத்தில் இடுப்பளவு, சில இடத்தில் முழங்காலளவு. பாதை எது என்பது அந்தந்த ஊர்த் தொழிலாளியின் தலைக்குள் இருக்கிறது, வெளியில் எங்கும் இல்லை. அந்தத் தண்ணீரில் தடி நட்டுக் கட்டும் களங்கட்டி வலை நிற்கிறது, இறால் தொழில் நடக்கிறது, இப்போது கடலட்டைப் பண்ணைகளும் வந்துவிட்டன. ஒல்லாந்து வாய்க்காலில் எங்கள் படகின் இயந்திர விசிறிக்கு ஒரு வலைகூட அகப்படவில்லை. இங்கே தெரியாத ஒருவனிடம் படகைக் கொடுத்தால் முதல் நாளே ஒரு குடும்பத்தின் வலையைச் சீவிக்கொண்டு போவான். சுற்றுலாக்காரன் சிரித்துவிட்டுப் போய்விடுவான், வலை யார் தருவது?

இறங்குதுறை கதையும் அதுதான். எந்தத் துறை என்று எழுதவில்லை. நான் ஓட்டிய காலத்தில் ஒரு துறையின் கீழ்ப்படி உடைந்து இரண்டு வருடம் அப்படியே கிடந்தது. வற்று நேரத்தில் சனத்தைக் கையில் பிடித்துத் தூக்கித்தான் ஏற்றுவோம். ஒருநாள் மருந்தெடுக்கப் பட்டணத்துக்கு வெளிக்கிட்ட ஒரு ஆச்சி, என் கையைப் பிடித்தபடியே வழுக்கி விழுந்து முழங்கால் சில்லு உடைந்தது. மருந்துச் சீட்டைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தா. அது நனைந்துவிட்டது என்றுதான் அழுதா, காலைப் பற்றிச் சொல்லவில்லை. கேட்ட இடமெல்லாம், படி தங்களுடையதல்ல என்றார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் சின்னது. யாழ்ப்பாண நகரத்துப் பண்ணைக் கரையிலிருந்து மண்டைதீவுப் பக்கமாக முதலில் ஒரேயொரு பாதையைத் தெரிந்தெடுத்து, கடற்றொழிலாளர் சங்கங்களைக் கூட்டிவைத்து, அவர்கள் காட்டும் இடத்தில் சிவப்பு, பச்சைக் கம்பு நடுங்கள். ஒவ்வொரு துறையிலும் ஆழம் வாசிக்க ஒரு அளவுகோல் தீட்டுங்கள், ஒரு வாளிப் பெயின்ற்றும் ஒரு நாள் கூலியும்தான் செலவு. உடைந்த படியைக் கட்டுங்கள். கடலுக்குக் குறுக்கே போகும் தாம்போதிப் பாலங்களின் தூணில் இடைவெளியை எழுதுங்கள். முதலில் இது தீவுச்சனத்துக்கு உதவும். அப்புறம் வாடகைப் படகு வரட்டும், ஊர்ப் படகோட்டி ஒருவர் கூடவே இருக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு. பத்திரம் இல்லாமல் ஓட்டும் வசதி ஒல்லாந்து வாய்க்காலுக்குச் சரி, சோளகம் எழும்பிய கடலுக்கு அது சரிவராது.

கடிதம் நீண்டுவிட்டது, வெட்டிப் போடுங்கள். குதிரையை வெட்டலாம், கம்பை வெட்டவேண்டாம்.

இன்னொன்று. நல்லூர்த் திருவிழாவுக்குப் பேத்தி வருகிறாள், அதற்குள் 12 முடிந்துவிடும். இங்கேயும் வேலணையிலிருந்து நெடுந்தீவுக்குப் போகவேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டாள். கரையில் கட்டை இருக்கிறதா, பலகையில் என்ன போட்டிருக்கிறது என்று தொலைபேசியில் கேட்கிறாள். "வா பிள்ளை, பார்ப்பம்" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நெடுந்தீவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற படகோட்டி,
கொக்குவில்.